குரோமேட் கழிவு மேட்டுக்குப் பக்கத்துல மனை வாங்கலாமா? ராணிப்பேட்டைக்காரங்க, மண்ணு தண்ணி தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

வாலாஜா_பையன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமா யோசனை வேணும். ராணிப்பேட்டை சிப்காட் தாண்டி ஒரு லேஅவுட்ல 3 சென்ட் பேசி வச்சிருக்கன், 50,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு, அடுத்த மாசம் பத்திரம். பட்டா, வில்லங்கம் எல்லாம் பாத்தாச்சு, க்ளியர். போன வாரம் மழை விட்டதும் அம்மாவுக்கு மனையைக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனன். லேஅவுட் மூலையில ஒரு பழைய கெணறு இருக்கு, பாதி தூர்ந்து போச்சு. அம்மா ஒரு பாட்டில்ல தண்ணி மொண்டு வெயில்ல புடிச்சுப் பாத்துட்டு "இன்னாடா இது, மஞ்சத்தூள் கரைச்ச மாதிரி கீது"ன்னாங்க. நானும் பாத்தன், லேசான எலுமிச்சம்பழ கலர். ப்ரமோட்டர் கிட்ட கேட்டதுக்கு செம்மண் கலர் சார், 200 அடி போர் போட்டா தேனாட்டம் தண்ணி வரும்னு சொல்றாரு. மூடிப் போன குரோமேட் கம்பெனி கழிவு மேடு அங்கிருந்து ரொம்ப தூரம் இல்ல. பயப்படணுமா, சும்மா மனசு கெடக்குதா? வாழ்நாள் சேமிப்பு, தயவு செஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மனை_முருகேசன்

தம்பி, நான் இந்த லைன்ல 15 வருஷமா இருக்கேன். அந்த கம்பெனி மூடியே 30 வருஷம் ஆகுது. இத்தனை மழைக்கு எல்லாம் கரைஞ்சு பாலாத்துல போய் சேந்திருக்கும். சுத்தி எத்தனை வீடு வந்துடுச்சு பாருங்க, எல்லாரும் நல்லாதான் இருக்காங்க. 200 அடி போர் போட்டு ஆர்ஓ வச்சுக்கோங்க. ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி நீங்களே பாத்துக்கலாம், 300 ரூபாதான்.

நிலத்தடி_நீர்

முருகேசண்ணே, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதுல ரெண்டு விஷயம் தப்பு, அதை நம்பி ஒரு குடும்பம் காசு போடப் போகுது அதனால சொல்லியே ஆகணும்.

முதல்ல டிடிஎஸ் மீட்டர். அது தண்ணியில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் காட்டும், எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது. குடிநீர்ல குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு இந்திய தரநிலை சொல்லுது. அந்த அளவை விட பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் டிடிஎஸ் மீட்டர்ல ஒன்னு ரெண்டு பாயிண்ட் கூட ஏறாது. "300தான் காட்டுது, நல்ல தண்ணி"ன்னு குடிப்பாங்க. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும்.

ரெண்டாவது கரைஞ்சு போயிருக்கும்ங்கறது. நான் ஹைட்ரோஜியாலஜி, அதாவது நிலத்தடி நீர் பத்தின படிப்பு, படிச்சவன், அந்தப் பக்கம் வேலை நிமித்தமா வந்திருக்கேன். குரோமைட் கல்லை அரைச்சு, சோடா சாம்பலும் சுண்ணாம்பும் சேத்து, சுழலும் உலையில 1000 டிகிரிக்கு மேல வறுத்து, தண்ணி விட்டு சத்தை எடுப்பாங்க. வர்றது சோடியம் குரோமேட், அதை அமிலம் சேத்து சோடியம் பைக்ரோமேட் ஆக்குவாங்க, அதுல இருந்துதான் தோல் பதனிடற குரோம் உப்பு. எடுத்தது போக மிச்சம் நிக்கிற சக்கைதான் அந்த மேடு. சக்கைன்னா சத்து போனதுன்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு துகளுக்குள்ளயும் ஆறு இணைதிற குரோமியம், அதாவது தண்ணியில கரையற விஷ வகை, மாட்டிக்கிட்டு நிக்குது, சுண்ணாம்பு வேற, காரத்தன்மை (pH அளவு) 11, 12ன்னு இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும். 30 வருஷம்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்ல. 2 லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கெடக்கு. 2006-ல பிளாக்ஸ்மித்ங்கற அமெரிக்க சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம் உலகத்துலயே மோசமா மாசுபட்ட 10 இடம்னு ஒரு பட்டியல் போட்டாங்க, செர்னோபில் இருந்த அதே பட்டியல்ல நம்ம ராணிப்பேட்டையும் இருந்துச்சு.

நான் அங்க போனப்போ பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. வெயில் காலம், ஒரு காம்பவுண்ட் சுவத்து அடியில முழங்கால் உயரத்துக்கு மஞ்சளா உப்பு பூத்து நிக்குது, விரல் வச்சா பொடியா உதிரும். நிலத்தடி ஈரம் சுவத்துல ஏறி, தண்ணி ஆவியாகி, குரோமேட் மட்டும் வெளிய தங்கிடுது. பக்கத்துல ரெண்டு ஆட்டுக்குட்டி அந்த சுவரை நக்கிக்கிட்டு நின்னுச்சு, உப்புன்னு நினைச்சுக்கிச்சு போல. விரட்டி விட்டேன், திரும்ப வந்துச்சு.

வாலாஜா தம்பி, அந்தக் கெணத்துத் தண்ணிய தொடாதீங்க. அம்மா கையை நல்லா கழுவச் சொல்லுங்க. டெஸ்ட் குடுங்க, எப்படின்னு கீழ எழுதறேன்.

க்ளாஸ்கோ_குமரன்

இந்த இழையைப் பாத்துட்டு தூக்கமே வரல, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து உக்காந்து எழுதறேன். நான் ஆம்பூர்காரன், இப்போ ஸ்காட்லாந்து க்ளாஸ்கோல மண் ஆய்வு பண்ற கம்பெனியில இருக்கேன். நம்ம ராணிப்பேட்டையில கெடக்கற அதே சக்கை இங்கயும் கெடக்கு. அதே பொருள், அதே மஞ்சள், நூறு வருஷம் முன்னாடி.

க்ளாஸ்கோவை ஒட்டி ரதர்க்ளென் பக்கம் ஷாஃபீல்டுன்னு ஒரு இடம். அங்க வைட் குடும்பத்தோட குரோமேட் தொழிற்சாலை 1820-ல இருந்து 1967 வரைக்கும் ஓடுச்சு. அங்க வேலை செஞ்சவங்க மூக்கு நடுத்தண்டு கரைஞ்சு ஓட்டை விழுந்துரும், கையில ஆறாத புண்ணு. 1899-ல கீர் ஹார்டிங்கற தொழிலாளர் தலைவர் இதை எழுதி ஊருக்கே வெளிச்சம் போட்டாரு. கழிவை என்ன பண்ணாங்கன்னா சுத்துவட்டாரத்துல இருந்த பழைய கல்குவாரி, களிமண் எடுத்த பள்ளம், தாழ்வான நிலம் எல்லாத்துலயும் கொண்டு போய் கொட்டி மேடாக்கினாங்க. அதுக்கு மேல மைதானம் வந்துச்சு, வீடு வந்துச்சு, ஜனங்க மறந்தே போயிட்டாங்க.

க்ளாஸ்கோ ஊரும் நொடிச்சுப் போச்சு. கப்பல் கட்டற யார்டு, இரும்பு, என்ஜின் பட்டறை எல்லாம் ஒன்னொன்னா மூடுச்சு. 1951-ல கிட்டத்தட்ட 10.9 லட்சம் பேர் இருந்த நகரம், 2001-ல 5.8 லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு. ஆள் போன இடத்துல காலி நிலம் மட்டும் நிறைய. யாரும் வந்து கட்டமாட்டாங்க, ஏன்னா தோண்டினா மஞ்சள் வரும். தோண்டலன்னா வேலை வாய்ப்பு வராது. வேலை வரலன்னா நிலத்துக்கு விலை வராது. விலை வரலன்னா சுத்தம் பண்ண காசு எங்க இருந்து வரும். இந்த வட்டத்துலதான் ரொம்ப வருஷம் சுத்திக்கிட்டு கெடந்துச்சு.

2007, 2008 வாக்குல க்ளைட் கேட்வேன்னு ஒரு அரசு அமைப்பு ஆரம்பிச்சு, பிரிட்ஜ்டன், டால்மார்னக், ஷாஃபீல்டு எல்லாம் சேத்து பொதுப் பணத்தைப் போட்டு சுத்தம் பண்றாங்க. 2014 காமன்வெல்த் போட்டிக்கு வீரர்கள் தங்கற வீடுங்க டால்மார்னக்லதான் கட்டினாங்க, இப்போ அது குடியிருப்பு. ஷாஃபீல்டுல ஆபீஸ் கட்டடம் வந்துருக்கு. ஆனா முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. 2019-ல பால்மடி ஓடைன்னு ஒரு சின்ன ஓடை திடீர்னு பளீர்னு பச்சையா ஓடுச்சு, 2021-ல திரும்பவும். நான் நேர்ல போய் நின்னு பாத்தேன். வேலி போட்டு அபாயம்னு போர்டு வச்சிருந்தாங்க, பக்கத்துல பூங்காவுல குழந்தைங்க விளையாடுது. கம்பெனி மூடி அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அதனால முருகேசண்ணன் சொன்ன 30 வருஷக் கணக்கு இங்க செல்லாது.

மனை விஷயத்துக்கு வர்றேன். எங்க வேலையில எந்த நிலமா இருந்தாலும் முதல்ல மூணே கேள்விதான். விஷம் எங்க இருக்கு, எந்த வழியா வருது, யார் மேல படுது. மூணும் ஒரு கோட்டுல சேந்தாதான் ஆபத்து. ஏதாவது ஒன்னை அறுத்தா ஆபத்து குறையும். உங்க மனையில விஷத்தோட இடம் அந்த மேடு, வழி நிலத்தடி நீர், புழுதி, அப்புறம் லேஅவுட்டை மேடாக்க கொட்டின மண்ணு, படற ஆள் நீங்களும் உங்க குழந்தைங்களும். இந்த கொட்டின மண்ணு விஷயத்தை யாரும் கேக்கறதே இல்ல. டிப்பர்ல வந்த கிராவல் எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு ப்ரமோட்டர் கிட்ட பில்லோட கேளுங்க.

அப்புறம், மண்ணைத் தோண்டறதுக்கு முன்னாடி காகிதத்தைத் தோண்டணும். எங்க கம்பெனியில முதல் கட்ட ஆய்வுக்கு மண்வெட்டியே எடுக்க மாட்டோம். பழைய வரைபடம், வில்லேஜ் ஏ ரிஜிஸ்டர் மாதிரி பதிவு, ஊர் பெரியவங்க வாய் வார்த்தை, பழைய வான்படம். நீங்க வீட்ல உக்காந்தே கூகுள் எர்த்ல வருஷம் பின்னாடி தள்ளி அந்த சர்வே நம்பரைப் பாருங்க. 2005-ல ஏரி வாய்க்காலா இருந்துச்சா, 2012-ல யாராச்சும் லாரி லாரியா கொட்டின தடம் தெரியுதான்னு. ரெண்டாவது கட்டம்தான் குழி வெட்டி மண்ணு எடுக்கறது, மேட்டுக்கு மேல் பக்கமும் கீழ் பக்கமும் நிலத்தடி நீர்மட்டம் பாக்கற பீசோமீட்டர் குழாய் இறக்கி தண்ணி எந்தத் திசையில ஓடுதுன்னு பாக்கறது. அது தனி ஆள் செலவு பண்ற விஷயம் இல்ல, ஆனா முதல் கட்டம் முழுக்க உங்க கையில இருக்கு.

செல்வி_அக்கா

குமரன் தம்பி மூக்கு ஓட்டைன்னு எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். எங்கப்பா சென்னையில ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறையில 22 வருஷம் வேலை பாத்தாரு, பேர் வேணாம், இப்போ அது இல்லவும் இல்ல. தொட்டி மேல குனிஞ்சு நின்னு வேலை, ஆவி நேரா மூஞ்சில அடிக்கும். முகத்துக்கு ஒரு துணி கூட குடுக்க மாட்டாங்க. எனக்கு எட்டு வயசு இருக்கும், அப்பா விளையாட்டு காட்டறேன்னு ஒரு நூலை இந்த மூக்குல விட்டு அந்த மூக்கு வழியா எடுப்பாரு. எங்களுக்கு அது பெரிய வித்தை. பக்கத்து வீட்டுப் பசங்களைக் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லுவேன். அது வியாதின்னு எனக்கு 25 வயசுலதான் ஒரு டாக்டர் சொல்லித் தெரிஞ்சுது. அப்பா அப்போ இல்ல.

தம்பி, அட்வான்ஸ் போனா போகட்டும்.

வாலாஜா_பையன்

அக்கா, மன்னிச்சுக்கோங்க, என்ன சொல்றதுன்னே தெரியல. அம்மா கிட்ட படிச்சுக் காட்டினன், பத்திரத் தேதியைத் தள்ளிப் போடுடான்னுட்டாங்க. நீர் சார், டெஸ்ட் எப்படின்னு சொல்லுங்க.

நிலத்தடி_நீர்

என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப் எதுன்னாலும் சரி. போய் "தண்ணி டெஸ்ட்"னு மட்டும் சொல்லாதீங்க, கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடுன்னு வழக்கமான பட்டியலைப் பாத்து குடுத்துடுவாங்க, குரோமியம் அதுல இருக்கவே இருக்காது. மொத்த குரோமியமும் ஆறு இணைதிற குரோமியமும் தனித்தனியா வேணும்னு எழுதிக் குடுங்க. புது பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணியில மூணு தடவை அலசி, காத்து இல்லாம வாய் வரைக்கும் நிரப்பி, ஐஸ் பெட்டியில வச்சு 24 மணி நேரத்துக்குள்ள சேத்துடணும், லேட்டானா உள்ளயே மாறிடும். கையுறை போட்டுக்கோங்க. கெணறு ஒன்னு, போர் ஒன்னு, பக்கத்து வீட்டு போர் ஒன்னுன்னு மூணு எடுங்க. போர்ல எடுக்கறப்போ பத்து நிமிஷம் ஓட விட்டு எடுங்க. இது கருங்கல் பூமி, தண்ணி வெடிப்பு வெடிப்பாதான் ஓடும், ஒரு போர் நல்லா இருக்கும் நாப்பது அடி தள்ளி இன்னொன்னு கெட்டிருக்கும். பக்கத்து வீட்டு ரிசல்ட் உங்களுக்குப் பொருந்தாது. இன்னைக்கு நல்லா இருந்தாலும் ரெண்டு மழைக்காலம் கழிச்சு மாறலாம்.

பச்சைத்_தோட்டம்

அந்த மேடு மேல மண்ணைப் போட்டு மூடி மரம் நட்டா மரம் உறிஞ்சிக்கும் இல்லையா? சூரியகாந்தி, வெட்டிவேர்லாம் விஷத்தை எடுக்கும்னு படிச்சேன். ஒரு பூங்காவா மாத்திட்டா ஊருக்கும் நல்லது, ஏதாவது நல்லதா நடக்கணும்னு ஆசையா இருக்கு.

க்ளாஸ்கோ_குமரன்

ஆசை சரியான ஆசைதான். லேசா கெட்ட மண்ணுக்கு செடி உதவும், இந்த சக்கைக்கு ஆகாது. காரத்தன்மை 12 இருக்கற இடத்துல வேரே பிடிக்காது. மூடறதுல இன்னொரு சிக்கல், இந்தக் கழிவு வீங்கும். சிமெண்ட் மாதிரி சுண்ணாம்பும் அலுமினாவும் உள்ள இருக்கறதால ஈரம் பட்டா புதுசா படிகம் வளந்து மேல இருக்கற தார் ரோடு, கான்கிரீட் தரை எல்லாத்தையும் தூக்கி வெடிக்க வைக்கும்.

அமெரிக்காவுல ஜெர்சி சிட்டியில இதுதான் நடந்துச்சு. ஹட்சன் ஆத்தங்கரை ஊரு, ஒரு காலத்துல நாட்டோட பெரிய குரோமேட் மையம். அங்க இந்தக் கழிவை மலிவான ரொப்பு மண்ணுன்னு வீட்டு அஸ்திவாரத்துக்கும் தாழ்ந்த நிலத்துக்கும் போட்டுட்டாங்க, அப்படிப்பட்ட இடம் 160-க்கு மேல அந்த ஒரு மாவட்டத்துல. பெரிய இடம் ஒன்னு இருந்துச்சு, அதை மேல மூடி வச்சாப் போதும்னு கழிவைக் கொட்டின கம்பெனிக்கு வாரிசா வந்த ஹனிவெல் கம்பெனி வாதாடினாங்க. அந்த ஊர் மக்கள், சர்ச்சுங்க ஒன்னா சேந்து அமைச்ச கூட்டமைப்பு கேஸ் போட்டுச்சு. 2003-ல கோர்ட்டு மூடினா பத்தாது, தோண்டி எடுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. சுமார் 15 லட்சம் டன், செலவு 40 கோடி டாலர் அளவுக்கு மதிப்பிட்டாங்க. இப்போ அந்த நிலத்துக்கு பேஃப்ரண்ட்னு பேரு, சுமார் 100 ஏக்கர், நகராட்சியே கையில எடுத்து 8,000 வீடு வரைக்கும் திட்டம், அதுல 35 சதவீதம் வசதி இல்லாதவங்களுக்கு.

அங்க முடிஞ்சுதுன்னா ரெண்டு காரணம். பணம் கட்ட ஒரு கம்பெனி உயிரோட இருந்துச்சு. எதிர்க்கரையில மன்ஹாட்டன், நிலம் தங்கம். ராணிப்பேட்டையில ரெண்டும் கிடையாது. நம்ம ஊர்ல நிலத்தோட விலையை விட சுத்தம் பண்ற செலவு பல மடங்கு, அப்போ எந்த பில்டரும் வரமாட்டான், அரசாங்கம் போட்டாதான் உண்டு. மேட்டை விட்டுட்டு சுத்தி இருக்கற நிலத்தை மட்டும் மனை மனையா வித்துட்டா, அந்த செலவை வாங்கினவங்க உடம்பு கட்டும்.

வாணியம்பாடி_வக்கீல்

குமரன் சொன்னதுல பணம் யார் கட்டறதுங்கறதுதான் இங்க முடிச்சு, சட்டத்துல என்ன இருக்குன்னு சொல்றேன். கெடுத்தவன்தான் கட்டணும்ங்கற கொள்கை இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னு உறுதியா சொன்ன தீர்ப்பு நம்ம வேலூர் கேஸ்ல வந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. அது தோல் பதனிடற ஷாப்புங்க பாலாத்தைக் கெடுத்ததுக்கு. இன்னைக்கும் நாடு முழுக்க சுற்றுச்சூழல் வழக்குல அதை எடுத்துப் படிக்கறாங்க. நம்ம பாலாத்தங்கரையில பொறந்த தீர்ப்பு, நம்ம மண்ணுக்கு இன்னும் முழுசா வேலை செய்யலங்கறது எனக்கு தீராத வலி.

இப்போ புதுசா ஒரு வழி இருக்கு. 2025 ஜூலையில மத்திய அரசு மாசுபட்ட இடங்கள் மேலாண்மைக்குன்னு தனி விதிகள் அறிவிச்சாங்க. அதுவரைக்கும் நாடு முழுக்க 103 இடம்னு கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க, வேலை ஆரம்பிச்சது ஏழே ஏழுலதான், ஏன்னா யாருக்கு என்ன காலக்கெடுன்னு சட்டமே இல்ல. இப்போ மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சந்தேகத்துக்குரிய இடங்களோட அறிக்கை தரணும். 90 நாள்ல முதல் கட்ட ஆய்வு, அதுல தெரிஞ்சா இன்னொரு மூணு மாசத்துல விரிவான ஆய்வு. யார் பொறுப்புன்னு கண்டுபிடிக்கவும் 90 நாள். கெடுத்தவன் இல்ல, இருந்தும் கட்ட வக்கில்லன்னா மத்திய மாநில அரசுங்க செலவை ஏத்துக்கணும். மேட்டைப் பத்தி ஊருக்கே தெரியும். உங்க லேஅவுட் கெணறு சந்தேக இடம்னு யாருக்கும் தெரியாது, நீங்க எழுதிக் குடுத்தாதான் பட்டியல்ல ஏறும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல மனு குடுங்க, சர்வே நம்பரோட, லேப் ரிப்போர்ட் நகலோட. ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க. நகல் ஒன்னு மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட ஆபீசுக்கு பதிவுத் தபால்.

நிலத்தடி_நீர்

மேட்டை என்ன பண்ணலாம்னு பச்சைத்தோட்டம் கேட்டதுக்கு ஒரு வார்த்தை. ஆறு இணைதிற குரோமியத்தை மூணு இணைதிறமா மாத்தினா தண்ணியில கரையாது, ஓடாது. அதுக்கு உதவற பொருள் ஃபெரஸ் சல்பேட், நம்ம நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு கேட்டா குடுப்பாங்களே அதேதான். தண்ணிக்கு நல்லா வேலை செய்யும். சக்கைக்கு வெளிப்பக்கம் மாறும், துகளுக்குள்ள இருக்கறது அப்புறமா கசிஞ்சு திரும்ப மஞ்சளாகும், அதனால நுணுக்கி, காரத்தைக் குறைச்சு, நிறைய மருந்து போட்டு, வருஷக்கணக்குல கண்காணிக்கணும். ஒரே டெண்டர்ல முடிச்சுக் கைகழுவற வேலை இல்ல. இடத்தை என்னவா பயன்படுத்தப் போறோம்ங்கறதும் முதல்லயே முடிவாகணும். குழந்தை மண்ணுல விளையாடற வீட்டுக்கு ஒரு அளவு, குடோனுக்கு ஒரு அளவு. கனடா தரநிலையில வீட்டு மண்ணுக்கு ஆறு இணைதிறம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், தொழிற்சாலை நிலத்துக்கு 1.4. என்னைக் கேட்டா மேடு இருந்த இடத்துல வீடே கூடாது. நல்லா முடிச்சா சோலார் பண்ணை வரட்டும், குடோன் வரட்டும், நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கட்டும்.

வேலை நடக்கறப்போ அதுல இறங்கற தொழிலாளிங்களையும் நினைக்கணும். 2015 ஜனவரி கடைசியில அதே சிப்காட்டுல தோல் கழிவு சேறு தேக்கின தொட்டி சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்தாங்க. அள்ளறவன் மூக்குல முகமூடி இருக்கான்னு பாக்காம ஒரு லோடு கூட நகரக்கூடாது.

மனை_முருகேசன்

நீர் சார், குமரன், நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். டிடிஎஸ் மீட்டர்ல இது தெரியாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நானே நாலு பேருக்கு மனை முடிச்சுக் குடுத்திருக்கேன், நேத்து நைட்டு அவங்க நாலு பேருக்கும் போன் பண்ணி தண்ணிய டெஸ்ட் குடுங்கன்னு சொல்லிட்டேன், செலவு என்னோடதுன்னு சொல்லியிருக்கேன்.

வாலாஜா_பையன் (16 நாள் கழிச்சு)

ரிசல்ட் வந்துருச்சு. போர் தண்ணி ரெண்டுலயும் குரோமியம் கண்டுபிடிக்கற அளவுக்கு இல்ல. கெணத்துத் தண்ணி லிமிட்டைத் தாண்டி எங்கேயோ நிக்குது, லேப்ல இருந்த அக்கா மருந்து ரெண்டு சொட்டு விட்டதும் பாட்டில் கத்திரிப்பூ கலருக்குப் போச்சுன்னு சொன்னாங்க. கூகுள் எர்த் பாத்தன், லேஅவுட் மூலை 2010 வாக்குல ஓடையா இருந்திருக்கு, அப்புறம் ரொப்பியிருக்காங்க. மனை வேணாம்னு சொல்லிட்டன், அட்வான்ஸ் பாதி தர்றதா பேச்சு ஓடுது. கஷ்டமாதான் இருக்கு, ஆனா அதே லேஅவுட்ல ஏற்கனவே மூணு குடும்பம் வீடு கட்டி இருக்காங்க, ஒரு வீட்ல கைக்குழந்தை, அந்த கெணத்துத் தண்ணியிலதான் துணி துவைக்கறாங்க. அவங்க கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினன். கெணத்து மேல முள்ளு வெட்டிப் போட்டு மூடிட்டோம். திங்கக்கிழமை நாங்க ஆறு பேர் கலெக்டர் ஆபீஸ் போறோம், வக்கீல் சார் எழுதிக் குடுத்த மனுவோட. பாட்டிலும் ஐஸ் பெட்டியும் என்கிட்ட இருக்கு. காரை, புளியந்தாங்கல் பக்கம் யாருக்காவது கெணறோ போரோ டெஸ்ட் பண்ணணும்னா இங்க சொல்லுங்க, சனிக்கிழமை காலையில வண்டியில வந்து நானே எடுத்து லேப்ல சேத்துடறன்.